ஐந்தருவியில் குளித்த படப்பெட்டி

ஐந்தருவியில் ஒரு சினிமாப் பெட்டி குளித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு சொட்டுத் தெளித்த கதை இல்லை. நாலு பேர் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க, அதற்குச் சூட்டியிருந்த கேந்திப்பூ மாலை பிய்ந்து தண்ணீரோடு போக, அருவியின் ஓரத்துக் கிளைக்குக் கீழே நின்று நிதானமாகக் குளித்தது.

சீசன் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சாரல் முகத்தில் குத்திக்கொண்டிருந்தது. குளிக்க வந்த வெளியூர்க்காரர்கள் ஏதோ சாமி தீர்த்தமாடுகிறது என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உடம்பெல்லாம் எண்ணெயோடு நின்ற ஒருவர், இது எந்தக் கோயில் பெட்டி என்று என்னிடம் கேட்டார்.

நான் பதில் சொல்லும் நிலையில் இல்லை. “போதும், எடுங்க” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். அருவிக்குப் பக்கத்தில் காதோடு பேசினாலே கேட்காது. என் குரல் எங்கே கேட்கப்போகிறது.

பெட்டிக்குள் இருந்தது ஒரு இங்கிலீஷ் படத்தின் மூன்றாம் பாகம். அதைப் பத்திரமாகத் தென்காசித் தியேட்டரில் கொண்டு சேர்க்கச் சொல்லி அப்பா என்னையும் கூடவே அனுப்பியிருந்தார். அந்தப் படத்துக்கு ஏதாவது ஆனால் அப்பாவின் வேலை போய்விடும். அது எனக்குத் தெரியும், தூக்கிப் பிடித்த அந்த நாலு பேருக்கும் தெரியும்.

போன வாரம் இந்தப் பக்கத்தில் தியேட்டர் முறுக்கைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, உங்கள் ஊருக்கு இங்கிலீஷ் படமெல்லாம் வருமா என்று கேட்டிருக்கிறார். வரும் தாயே. பட்டணத்தில் ஓடி, மதுரையில் ஓடி, பல்லெல்லாம் விழுந்த பிறகு எங்களிடம் வரும். ஆனால் நாங்கள் வரவேற்றது போல எந்த ஊரும் வரவேற்றிருக்காது.

தாடிக்காரர் கட்சி

அப்பா அந்தத் தியேட்டருக்கு மேனேஜர். முதலாளி வெளியூரில் இருந்தார். ஆகவே திட்டு முழுவதும் அப்பாவுக்கு.

தண்ணிக்கப்பல் படம் என்றால் அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அதன் இங்கிலீஷ் பெயரை நோட்டீஸில் அச்சடித்தோமே தவிர, வாயால் யாரும் சொன்னதில்லை. எங்கேயோ ஒரு கிரகம். அங்கே குடியேறிய ஜனங்களுக்குத் தண்ணீர் கிடையாது. நட்சத்திரங்களுக்கு நடுவே போய்ப் பனிக்கட்டியை வெட்டி எடுத்து வருகிறது ஒரு கப்பல். அதை ஓட்டுகிறவருக்குப் பெரிய தாடி. அதனால் அவர் எங்களுக்குத் தாடிக்காரர்.

முதல் பாகம் வந்தபோது நான் தாவணி போடத் தொடங்கியிருந்தேன். மூன்று நாள் ஓடினால் போதும் என்று அப்பா நினைத்தார். திருவேங்கடம் ஊர்ப் பக்கத்திலிருந்து, மழையை நம்பிக் கிடக்கும் கரிசல்காட்டு ஆட்கள் பஸ் பஸ்ஸாக வந்துவிட்டார்கள். இங்கிலீஷ் விளங்குகிறதா என்று அப்பா ஒருவரிடம் கேட்டதற்கு, “வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கான். இதுல விளங்காம என்ன இருக்கு?” என்று அவர் திருப்பிக் கேட்டார்.

இரண்டாம் பாகம் சில வருஷம் கழித்து வந்தது. அதன் முடிவில் தாடிக்காரர் தன் பங்குத் தண்ணீரை ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டுக் கப்பல் கதவைத் திறந்து மணலுக்குள் நடந்து போகிறார். கதவு மூடுகிறது. படம் முடிந்தது. அவ்வளவுதான், தியேட்டரில் ரகளை. அவர் செத்தாரா பிழைத்தாரா என்று ஆபரேட்டர் அறை ஜன்னலைப் பார்த்துக் கேட்டார்கள். ஆபரேட்டருக்கு என்ன தெரியும். சோபா வகுப்பில் மெத்தை எல்லாம் கிழிந்தது. இன்னொரு புகார் வந்தால் வேறு மேனேஜர் பார்த்துக்கொள்கிறேன் என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார்.

அதிலிருந்து ஊரில் இரண்டு கட்சி. தண்ணீர் இல்லாமல் மனிதன் எத்தனை நாள் இருப்பான், செத்தே போனார் என்றது ஒரு கட்சி. பிழைத்திருக்கிறார் என்ற கட்சிக்குத் தலைவர் ஞானதுரை அண்ணாச்சி. சுரண்டையில் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம். கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, ஞாயிறு தவறாமல் போவார்; வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் தியேட்டருக்கு வருவார். அவர் வாதம் ஒன்றே ஒன்று. “பொணத்தக் காட்டலல்லா?”

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அவர் ஏழெட்டு வருஷம் ஓட்டினார்.

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி

இங்கே என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் டிக்கெட் கவுண்டர் என்னுடையது. கை மட்டும் நுழைகிற ஓட்டை அது. தமிழ்ப் படம் என்றால் ஒரே ஓட்டைக்குள் ஏழெட்டுக் கைகள் நுழையும், வளையல் உடையும், சண்டை வரும். இங்கிலீஷ் படம் என்றால் ஒரு கையும் வராது.

அதனால் தண்ணிக்கப்பல் ஓடும் நாட்களில் கவுண்டரைச் சாத்திவிட்டு நானே உள்ளே போய் உட்கார்ந்துகொள்வேன். பெண்கள் பக்கம் முழுவதற்கும் நான் ஒருத்திதான். காலை நீட்டிக்கொண்டு பார்ப்பேன். அந்தப் படத்தில் மாமியார் கிடையாது, சீர் கிடையாது, அழுது வடிகிற மூத்த மகள் கிடையாது. வீட்டில் எனக்கு வரன் தேடிக்கொண்டிருந்த காலம் அது. ஆகாயத்தில் போகிறவர்களைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

தாடிக்காரர் பிழைத்திருக்க வேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன். ஞானதுரை அண்ணாச்சிக்கு அது தெரியும். கட்சியில் ஒரே பெண் உறுப்பினர் என்று கிண்டல் செய்வார்.

இரும்புப் பெட்டி

பெரிய நடிகர்களின் படம் வந்தால் பெட்டியை ஸ்டேஷனிலிருந்து மேளதாளத்தோடு அழைத்து வருவது எங்கள் ஊர் வழக்கம். மாலை போட்டு, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்துத்தான் உள்ளே விடுவார்கள். மூன்றாம் பாகம் வந்ததும், எங்கள் ஆள் மட்டும் என்ன குறைந்து போனார் என்று ஞானதுரை கட்சி கிளம்பியது.

அதோடு நின்றிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை. பெட்டி வந்த அந்த வியாழக்கிழமை காலை அண்ணாச்சி அப்பாவிடம் வந்து நின்றார்.

“ரெண்டு பாகமா மனுசன் மேல் கழுவல மேனேஜர் அண்ணாச்சி. ஒரு வாய் தண்ணிக்குத் தவிச்சாரு. இப்ப சீசன் பாத்து நம்ம ஊருக்கு வந்திருக்காரு. ஒரு குளியல் போட வைக்காம எப்படி உள்ள கூட்டிட்டு வாரது?”

அப்பா சிரித்துவிட்டார். அங்கேதான் பிசகியது. தண்ணீர் தெளிப்பதோடு சரி என்று வாக்கு வாங்கிக்கொண்டு, என்னையும் ஜீப்பில் ஏற்றி அனுப்பினார்.

அண்ணாச்சி வாக்குத் தவறவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அருவிக்குப் பக்கத்துக் கோயில் வாசலில் மற்றவர்கள் தேங்காய் உடைக்கும்போது மரியாதையாகத் தள்ளி நின்றார். பிறகு கையில் தண்ணீரை அள்ளிப் பெட்டிமேல் மூன்று முறை தெளித்தார். அதற்குள் கூட்டத்துக்கு அருள் வந்துவிட்டது. யாரோ தூக்கினார்கள், யாரோ பிடித்தார்கள், பெட்டி அருவிக்குள் போய்விட்டது.

திரும்பி வந்த பெட்டியைத் தன் துண்டாலேயே துடைத்தார். நான் அழுகிற நிலையில் இருந்ததைப் பார்த்து, “இரும்புப் பெட்டிக்குள்ள தண்ணி எப்படிம்மா போவும்?” என்று சமாதானம் சொன்னார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

தியேட்டரில் ஆபரேட்டர் மைதீன் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த வட்ட டப்பாக்களில் ஒன்றைச் சாய்த்தார். குற்றாலத் தண்ணீர் ஒழுகியது. கூடவே ஒரு கேந்திப்பூ இதழ்.

அப்பா கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. ஞானதுரை அண்ணாச்சி சுவரோடு சுவராக நின்றார். அவ்வளவு பெரிய மனிதர் அன்றைக்குச் சின்னதாகத் தெரிந்தார்.

எல்லா ரீலும் போகவில்லை. மூடி நசுங்கிய டப்பாக்களில் மட்டும் தண்ணீர் இறங்கியிருந்தது; நாலு ரீல் நனைந்திருந்தன. சுருட்டியபடியே காய்ந்தால் அப்பளக்கட்டு மாதிரி ஒட்டிக்கொள்ளும், காயாமல் பார்த்துக்கொண்டு போய் வெயில் உள்ள இடத்தில் பிரித்துத் தொங்கவிட வேண்டும் என்றார் மைதீன். தென்காசியில் வெயில் ஏது? துவைத்த துணி மூன்று நாளாகக் கொடியில் கிடந்து நாறிக்கொண்டிருந்தது.

“சுரண்டையில வெயிலு அடிக்கு” என்றார் அண்ணாச்சி.

சுரண்டை வெயில்

நனைந்த ரீல்களை ஒரு அண்டாத் தண்ணீரில் போட்டு அண்ணாச்சியின் வேனில் ஏற்றினோம். குளித்த படத்துக்குப் போகிற வழியிலும் குளியல். மைதீனும் நானும் அண்டாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஆறேழு மைல் போனதும் சாரல் அறுந்து, பளீரென்று வெயில் அடித்தது. வெயிலைக் கண்டு அப்படிச் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அண்ணாச்சி வற்றல் மூட்டை அடுக்கும் கிட்டங்கி நீளமான கட்டடம். இரண்டு பக்கமும் ஜன்னல், காற்று ஊடு ஊடாகப் போகும். அங்கே மிளகாய்க் காம்பு கிள்ளுகிற பெண்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். மூட்டைகளை ஒதுக்கி, தரையைக் கழுவி, புது வேட்டிகளை விரித்து, மேலே கயிறு கட்டினார்கள். புளியும் சாம்பலும் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். வருஷக்கணக்காக மிளகாயில் கிடந்த கைகள், எவ்வளவு கழுவினாலும் நெடி போகாது.

ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு பாலாடை போல இளகி இருக்கும், கை பட்டால் வழன்று உரிந்துவிடும், ஓரத்தை மட்டும் நகத்தால் பிடியுங்கள் என்றார் மைதீன். காம்பு கிள்ளுகிறவர்களுக்கு நகத்தால் பிடிக்கச் சொல்லித் தர வேண்டுமா? சேலை மடிப்பது போல ஆளுக்கு ஒரு முழம் ஏந்திக்கொண்டு கயிறு கயிறாகத் தொங்கவிட்டார்கள். நடுநடுவே தும்மல். தும்மல் வருகிறவள் கையிலிருந்ததைப் பக்கத்துக்காரியிடம் கொடுத்துவிட்டு வெளியே ஓடிப் போய்த் தும்மிவிட்டு வருவாள்.

அவர்களில் சுப்பம்மா என்று ஒருத்தி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “ஏட்டி, எல்லாத்துலயும் ஒரே ஆளுல்லா நிக்கான்?” என்றாள். நான் முதல் இரண்டு பாகத்தின் கதையையும் அவர்களுக்குச் சொன்னேன். மணலுக்குள் நடந்துபோன இடத்தில் அத்தனை பேரும் உச்சுக்கொட்டினார்கள்.

சாயங்காலத்துக்குள் பாதியும், மறுநாள் காலையில் மீதியும் காய்ந்தன. ஆனால் ஒரு ரீல் முன்பே டப்பாவுக்குள் ஊறிவிட்டது. அதில் ஒரு நீளத்துக்கு, காயக் காயப் பூச்சு சுருங்கி உதிர்ந்தது. மைதீன் அதையும் பதமாகச் சுருட்டி டப்பாவில் வைத்தார். அது எந்தக் காட்சி என்று நாங்கள் கேட்கவில்லை.

அந்தப் பெண்களையும் படம் பார்க்க வரச் சொன்னேன். அண்ணாச்சி வேலையை நிறுத்திவிட்டு எல்லோரையும் அதே வேனில் ஏற்றினார்.

ரெப் வந்தார்

படத்தோடு கம்பெனி ஒரு ஆளை அனுப்பும். அவர்தான் ரெப். பெட்டி பத்திரமா, டிக்கெட் கணக்குச் சரியா என்று பார்ப்பது அவர் வேலை. எங்களுக்கு வந்தவர் பாலு, மதுரைக்காரர். ராஜபாளையத்தில் ஒரு படத்தை முடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் வந்து இறங்கினார்.

காய்ந்த ரீலை மாட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடலாம், பழைய பிரிண்ட்தானே என்று மைதீன் சொல்லிப் பார்த்தார். அப்பா கேட்கவில்லை. ரெப் கைகால் கழுவி உட்கார்ந்ததும், அருவி முதல் கிட்டங்கி வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

ரெப் எழுந்து போய்ப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். பிறகு, “எத்தனையோ ஊருக்குப் பெட்டி தூக்கிட்டுப் போயிருக்கேன் சார். எரிஞ்சிருக்கு, அறுந்திருக்கு. குளிப்பாட்டுன ஊரு இதுதான்” என்றார்.

அவரும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர். கம்பெனிக்குச் சொல்லாமல் விட்டால் அவர் தலை உருளும். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். ஜனங்களோடு உட்கார்ந்து பார்ப்பார். படம் முடிந்து வணக்கம் போடுகிற வரை அவர்கள் உட்கார்ந்திருந்தால் பிரிண்ட் ஓடக்கூடியது என்று விட்டுவிடுவார். கலாட்டா நடந்தாலோ, எழுந்து போனாலோ, சொல்லித்தான் ஆக வேண்டும்.

ரசிகர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன் என்றார் ஞானதுரை. அப்பா வேண்டாம் என்றுவிட்டார். சொல்லிவைத்து உட்கார வைத்தால் அது ரெப்பை ஏமாற்றுவது ஆகும் என்றார். என் அப்பாவோடு குடும்பம் நடத்துவது அம்மாவுக்கு ஏன் கஷ்டமாக இருந்தது என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

முகம் தெரியாத இடம்

மேட்னி நிறைந்துவிட்டது. முதல் முறையாகப் பெண்கள் பக்கத்திலும் ஆள். சுரண்டைப் பெண்கள் இரண்டு வரிசை. நான் சுப்பம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பா உட்காரவில்லை. வாசல் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் சில ரீல் நன்றாகப் போயிற்று. பிறகு நனைந்த ரீல் ஒன்று வந்தது. திரை முழுக்கக் கோடும் புள்ளியுமாக வழிந்தது. தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல், “ஏலே, அங்கன மழ வந்துட்டு” என்றது. தியேட்டரே சிரித்தது. திரையில் அந்தப் பாவப்பட்ட ஜனங்கள் காலிக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். மேலே ஆபரேட்டர் அறையில் விளக்குச் சூட்டில் மிளகாய் நெடி கிளம்பி, மைதீன் தும்முவது கீழே வரை கேட்டது.

இடைவேளை தாண்டி அந்த இடம் வந்தது. கப்பல் கதவுக்கு வெளியே நிழலாக ஒரு உருவம். கதவு திறக்கிறது. உள்ளே இருப்பவர்கள் எழுந்து நிற்கிறார்கள். ஆண்கள் பக்கம் முழுவதும் எழுந்து நின்றது.

உருவம் முன்னால் வந்தது, திரை பாலாக வெளுத்துவிட்டது. பூச்சு உதிர்ந்த நீளம் அதுதான். ஒன்றுமே தெரியவில்லை. ஓரத்து ஒலிக்கோடு தப்பியிருந்ததால் குரல் மட்டும் வந்தது.

ஒரு நிமிஷம் பொறுத்தார்கள். பிறகு, “முகத்தக் காட்டுங்கலே” என்று யாரோ கத்தினார்கள். நாற்காலிகள் தடதடவென்று ஆடத் தொடங்கின. இத்தனை வருஷம் காத்திருந்தவர்கள், அவர்கள் கோபத்தை நான் எப்படித் தப்பு என்று சொல்வேன். ரெப் திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது என் பக்கத்தில் சுப்பம்மா எழுந்து நின்றாள். ஆண்கள் நிறைந்த தியேட்டரில் அவள் குரல் கணீரென்று கேட்டது.

“ஏய்யா, சத்தம் போடாதிய. அந்த மனுசன் சிரிக்கான். நேத்து நான் கையில வச்சுப் பாத்தேன். தாடி நரைச்சிட்டு, ஆளு எலும்பா இருக்கான். ஆனா சிரிச்சிக்கிட்டுத்தான் நிக்கான்.”

தியேட்டர் அடங்கியது. வெள்ளைத் திரையைப் பார்த்தபடி அத்தனை பேரும் நின்றார்கள். சுப்பம்மா உட்காரவில்லை. நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். இப்பம் ஒரு சின்னப் பிள்ளை கிண்ணத்துல தண்ணி கொண்டு வருது. இவன் வாங்கல, பிள்ளையவே குடிக்கச் சொல்லுதான். இப்பம் எல்லாரும் அவன் கையப் பிடிக்காவ.

பிறகுதான் விசில் கிளம்பியது. செத்த கட்சியும் பிழைத்த கட்சியும் சேர்ந்து அடித்த விசில். ஞானதுரை அண்ணாச்சி துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். திரை தெளிந்து படம் திரும்பி வந்தபோது, தண்ணீர் குடித்து முடித்த பிள்ளையைத் தாடிக்காரர் தோளில் தூக்கி வைத்திருந்தார். சுப்பம்மா சொன்னது அத்தனையும் சரி என்பது போல அவர் முகத்தில் இன்னும் கொஞ்சம் சிரிப்பு மிச்சம் இருந்தது.

வணக்கம் போடும்வரை ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

அதன் பிறகு அப்பா அதே தியேட்டரில் மேனேஜராகவே இருந்து, வயதாகி, மரியாதையாக ஓய்வு பெற்றார். எனக்குக் கல்யாணம் செய்து வைத்தார். நாங்கள் சாப்பிட்ட சோறு அந்தக் கூட்டம் பொறுமையாக உட்கார்ந்ததால் வந்த சோறு. பெயர் தெரியாத அத்தனை பேருக்கும், நகத்தால் படம் ஏந்திய அந்தப் பெண்களுக்கும் நான் கடன்பட்டவள். இதை எழுதவாவது ஒரு பத்திரிகை இடம் கொடுத்ததே.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்ததும் ரெப் அப்பாவிடம் வந்தார்.

“சாயங்கால ஆட்டத்துக்கும் அந்தம்மாவ உக்கார வைங்க சார்” என்றார்.

அப்பாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் ரெப்பின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை.

சுப்பம்மா தயங்கினாள். வீட்டில் பிள்ளைகள் தேடும், சொல்லாமல் வந்திருக்கிறோம் என்றாள். அவள் இருந்தால் நாங்களும் இருப்போம் என்று மற்றப் பெண்கள் வேறு. அப்படியானால் சுரண்டைக்கு யாராவது போய் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வர வேண்டும்.

முதல் நாள் எத்தனை ஆட்டம் உண்டோ அத்தனையும் பார்ப்பது ஞானதுரை அண்ணாச்சியின் விரதம். சாயங்கால ஆட்டத்துக்கு அவர் கையில் டிக்கெட் இருந்தது. அதை, அதற்குள் கவுண்டருக்குத் திரும்பியிருந்த என்னிடமே ஓட்டை வழியாக நீட்டினார்.

“நான் போயிச் சொல்லிட்டு, பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக்கும் பாத்துட்டு வாரேன். அவருதான் உசுரோட வந்துட்டாருல்லா, இனி எப்பப் பாத்தா என்ன” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேனில் ஏறினார்.